ஆத்தாளுக்கு ஒரு பங்கு

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து அதைத் துரத்திவரும் வறுமை என்னும் அரக்கன், கல்வராயன் மலையடிவாரத்து ஈச்சனோடையில், ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நிரந்தரமாக ஒழிய இருந்தான். ஃப்ளெக்ஸில் அப்படித்தான் போட்டிருந்தது. விழாத் தலைவரின் கார் சங்கராபுரம் தாண்டி ஒரு மரவள்ளிக் கிழங்கு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் அரக்கனுக்குப் பன்னிரண்டு மணி வரை உயிர் இருந்தது.

அவனை ஒழிக்க நான்கு அமைப்புகள் கூட்டுச் சேர்ந்திருந்தன. சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை, ஒரு தனியார் கல்லூரியின் சமூகப்பணித் துறை, சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒரு கம்பெனி, கள்ளக்குறிச்சி நண்பர்கள் நற்பணி வட்டம். நான்கும் சேர்ந்ததற்கு ‘நிலைபேறு கூட்டமைப்பு’ என்று பெயர். ஏழைக் குடும்பங்களைப் பொருளாதார நிலைத்தன்மையில் கொண்டுபோய் நிறுத்துவது அதன் நோக்கம். நான்கு சின்னங்களையும் ஃப்ளெக்ஸில் போட்டது போக மிஞ்சிய இடத்தில் ஓர் ஆட்டின் தலை மட்டும்தான் பிடித்தது.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். பத்து வீடுகளுக்குத் தலா ஒரு பெட்டை ஆடு. பதினோராவதாக முனியன், சாலம்மாள் வீட்டுக்குத் தலைச்சேரி இனத்தில் ஒரு வெள்ளைப் பொலிகிடா. ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஆடுகள் பருவத்துக்கு வரும்போது ஓட்டிக்கொண்டு வருவார்கள். கிடா சேர்த்ததற்குக் கூலி கொடுப்பார்கள். அந்த வரும்படியை வைத்துக்கொண்டு சாலம்மாள் குடும்பம் ஊரோடு இருக்கும். தை பிறந்தால் மூட்டை கட்டிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதில்லை.

நிலைத்தன்மை என்பது சாலம்மாளுக்குப் புரியவில்லை. சூளைக்குப் போக வேண்டாம் என்றது புரிந்தது. அவள் மகள் இலக்கியா இரண்டு வருடத்துக்கு முன்னால் இவர்களோடு சூளைக்கு வந்து, அங்கே கல் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்ததில் ஒரு வருடப் படிப்பு போயிற்று. இப்போது தன்னைவிடச் சின்னப் பெண்களோடு பத்தாவதில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு தை சூளைக்குப் போனால், தேர்வு நடக்கிற பங்குனியில் அவள் மண் மிதித்துக்கொண்டிருப்பாள். அதோடு சரி, பள்ளிக்கூடம் முடிந்துவிடும். சாலம்மாள் அந்தக் கிடாவைப் பார்த்தபோது அவளுக்குத் தெரிந்தது மகள் தேர்வு எழுதும் பெஞ்சுதான்.

விழா மாரியம்மன் கோயில் வாசலில் நடந்தது. ஆடித் திருவிழாவுக்காக அங்கே கீற்றுப்பந்தல் போட்டிருந்தார்கள். தனியாகப் பந்தல் போட்டால் அது எந்தப் பங்குதாரரின் பொறுப்பு என்று மூன்று கூட்டங்களில் பேசியும் முடிவாகாததால், அம்மனின் பந்தலிலேயே வறுமையை ஒழித்துவிடலாம் என்று ஏற்பாடு.

நற்பணி வட்டத்தின் தலைவர் பொன்னுரங்கம் பேசினார். கள்ளக்குறிச்சியில் கம்பி, சிமெண்டு வியாபாரம் செய்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஜீவகாருண்ய மன்றம் ஒன்றுக்கும் அவர்தான் தலைவர். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். ஒரு குடும்பத்தின் நிலைத்தன்மை என்பது ஒரு தேசத்தின் முதுகெலும்பு என்று அவர் சொன்ன இடத்தில், கிடா பந்தல் காலில் கட்டியிருந்த வேப்பிலையில் பாதியைத் தின்று முடித்திருந்தது.

பிறகு புகைப்படம். கிடாவுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, கோயிலுக்கு நேராக நிறுத்தினார்கள். கயிறு சாலம்மாள் கையில். பக்கத்தில் தலைவர்.

“சும்மா நின்னுக்கினு இருந்தா ஃபோட்டோ டல்லா வரும் சார்,” என்றான் புகைப்படக்காரன். “எதனா பண்ற மாரி நில்லுங்க.”

பொன்னுரங்கம் சுற்றிலும் பார்த்தார். மரக்கன்று நடும் விழாக்களில் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பழகிய கை அவருடையது. கோயில் படியில் வேப்பிலை செருகிய பித்தளைச் சொம்பு ஒன்று, மஞ்சள் தண்ணீரோடு இருந்தது. அதை எடுத்தார். கிடாவின் தலையிலிருந்து வால் வரைக்கும் மரக்கன்றுக்கு ஊற்றுவதுபோல ஒரே சீராக ஊற்றினார்.

கிடா ஒரு கணம் யோசித்தது. பிறகு கொம்பிலிருந்து வால் நுனி வரைக்கும் உடம்பை உதறியது. நின்றது. இன்னொரு முறை உதறியது. மஞ்சள் தண்ணீர் நான்கு சின்னங்களின் மேலும் சரிசமமாகத் தெறித்தது.

பழக்கம் பொல்லாதது. பறையடிக்க வந்திருந்தவர்கள் பறையை அடித்துவிட்டார்கள். பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். பூசாரி மாயவன் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டு, “உத்தரவு ஆயிடுச்சி” என்றார்.

விருந்தினர்கள் அதை நன்றியறிதல் என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள். சாலம்மாள் தட்டவில்லை.

அந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டாம். அம்மனுக்கு நேர்ந்துவிடுகிற கிடாவைக் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பை உதறினால் ஆத்தாள் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். உதறாவிட்டால் கத்தி வைக்கக்கூடாது. உதறிய கிடா அந்தக் கணத்திலிருந்து அவளுடையது. ஆடிக் கடைசி வெள்ளியில் வெட்டு.

*

அன்றைக்குச் சாயங்காலம் மலைப்பக்கமிருந்து தூறல் வந்து நின்றிருந்தது. சாலம்மாள் கேழ்வரகுக் களியைக் கிளறிக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தடியில் கட்டியிருந்த கிடா, முதல்நாளே பறித்து வாடவைத்திருந்த மரவள்ளித் தழையைத் தின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தைலம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

“இன்னாடி சாலு, ஆத்தா கெடாவ சந்தக் கெடா மாரி கவுத்துல கட்டி வச்சிருக்க?”

“எந்த ஆத்தா கெடா? எங்க கெடா.”

“எங்க கெடாவாம். நீ கவுத்த புடிச்சிக்கினு நின்ன. நான் கொலவ போட்டேன். ஊரே பாத்துச்சி. இப்ப எங்க கெடான்ற.”

“உன்ன யாரு கொலவ போடச் சொன்னது?”

“வாயி தானா வந்துடுச்சிடி,” என்றாள் தைலம்மாள். கொஞ்சம் வருத்தமாகவே சொன்னாள். “மஞ்சத்தண்ணி ஊத்தி ஒதறிச்சின்னா சும்மா நிக்க முடியுதா? அவுத்து வுடு. அது பாட்டுக்கு மேயட்டும். கட்டி வச்சா குத்தம்.”

முனியன் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். பேச்சுக் குறைந்த மனிதன். பேசினால் அது அநேகமாக வேலை கெடுகிற மாதிரி இருக்கும்.

“அவ சொல்றதும் நாயந்தான்,” என்றான்.

“யோவ், நீ சும்மா இரு. நாயமாம். வெட்டிட்டா தையில எங்க போவ?”

“எங்க போவேன். மேஸ்திரி கூப்புட்ட எடத்துக்குப் போவேன்.”

“பொண்ணு?”

முனியன் குச்சியைப் பார்த்தான். உள்ளே விளக்கடியில் படித்துக்கொண்டிருந்த இலக்கியா சத்தம் போடாமல் பக்கத்தைத் திருப்பினாள்.

“ஆத்தாகிட்ட வம்பு வச்சிக்கினு பொண்ணு படிச்சி இன்னா பண்ணப் போறா?” என்றான் முனியன். கேள்வி மாதிரி இருந்தாலும் அவனுக்கே பயமாக இருந்தது குரலில் தெரிந்தது.

மறுநாள் காலையில் சாலம்மாள் கிடாவை அவிழ்த்துவிட்டாள். நம்பிக்கை அவளுக்கும் உண்டு. அதுதான் சங்கடம்.

*

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் ஈச்சனோடையில் அந்தக் கிடாவைப்போல வாழ்ந்தவர் எவரும் இல்லை. மக்காச்சோளக் கொல்லையில் புகுந்தது. யாரும் கல்லெடுக்கவில்லை. கடலைக்கொடியை இழுத்துப்போட்டுத் தின்றது. கொல்லைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். கழுத்து மாலையைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். பொழுது சாய்ந்தால் சாலம்மாள் வீட்டு வேப்பமரத்தடிக்கு அதுவாகவே வந்து படுத்துக்கொள்ளும். தண்ணீரும் தவிடும் அவள்தான் வைக்க வேண்டும்.

ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். திட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தியாகவே வந்தார்கள். மலைமேலிருந்துகூட ஓர் ஆள் இரண்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்தான். கிடா தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சாலம்மாள் கூலி கேட்டால்தான் எல்லோரும் ஒரே மாதிரி பார்த்தார்கள்.

“ஆத்தா கெடாவுக்கு யாராச்சும் கூலி வாங்குவாங்களா?” என்றாள் தைலம்மாள். அவளுடைய ஆடு அப்போதுதான் கிடாவிடமிருந்து விலகி நின்றது.

“தவுடு வாங்கறதுக்காச்சும் குடு.”

“தவுடு வச்சா உனக்குப் புண்ணியம். புண்ணியத்துக்கும் காசு கேப்பியா?”

நடுவில் சூளை மேஸ்திரி வந்தார். ஆடியில் வேலை குறைந்திருக்கும்போது வீட்டுக்கு வீடு போய்த் தை சீசனுக்கு ஆள் பேசிவிட்டுப் போவது அவர் வழக்கம். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே பேசினார்.

“இன்னா முனியா, இந்த வாட்டி நீ ஆட்டுப்பண்ண மொதலாளியாமே. எங்களயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?”

“அப்பிடியெல்லாம் இல்ல மேஸ்திரி.”

“கடசி வெள்ளிக்குக் கெடா வெட்டுன்னு சொன்னாங்கோ. நானும் வந்துடறேன். சாப்ட்டுட்டு அப்பிடியே பேசி முடிச்சிக்கலாம். பொண்ணயும் சேத்து மூணு ஆளா வந்துடுங்க. அட்வான்ச ஒசத்தியா போட்டுத் தர்றேன்.”

அவர் போன பிறகு இலக்கியா வெளியே வந்தாள். “நான் வரமாட்டேன்மா” என்றாள். “வரமாட்டேன்” என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் இல்லை. அது அவளுக்கும் தெரியும். தனியாக அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? போன தையில் துணைக்கு இருந்த மாமியாரும் இப்போது இல்லை.

அன்று ராத்திரி சாலம்மாள் சாப்பிடவில்லை. விடிந்ததும் களைவெட்டை விட்டுவிட்டு, பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ்ஸில் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள்.

*

கூட்டமைப்பின் அலுவலகம் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. களப் பொறுப்பாளர் இளவரசன் இருந்தான். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவன், நல்ல பையன். ஏழை ஜனங்கள் வந்தால் எழுந்து நின்று நாற்காலி போடுவான். அவர்களுக்குத்தான் உட்காரக் கூச்சமாக இருக்கும்.

“வாங்கம்மா. எத்தனை ஆடு சேர்ந்துருக்கு?”

“அது கெடக்குது சார் பதினொன்னு, பன்னண்டு.”

“சூப்பர். எதிர்பார்த்ததவிட டபுள்.” இளவரசன் உடனே செல்போனை எடுத்து யாருக்கோ அனுப்பினான். “வருமானம்?”

“ஒன்னும் இல்ல சார்.”

“ஏன்?”

“ஆத்தா கெடாவுக்கு யாரு சார் காசு குடுப்பாங்கோ?”

இளவரசனுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் பிடித்தது. அவன் திருச்சிப் பக்கத்தில் டவுனில் வளர்ந்தவன்.

“ஆடு உதறுச்சு. அவ்வளவுதானே? தண்ணி ஊத்தினா எந்த ஆடும் உதறும்மா. அது ரிஃப்ளெக்ஸ்.”

“எல்லா ஆடும் ஒதறாது சார். எங்க மாமியா நேந்துவுட்ட ஆடு ரெண்டு வருசம் ஒதறாம நின்னு, கெழடாயி தானா செத்துது.”

“சரி, நீங்க வெட்ட வேணாம்னு சொல்லிடுங்க. கிடா உங்க பேர்ல இருக்கு.”

“எம் பேர்ல இருந்தா இன்னா சார்? நாளைக்கி எம் பொண்ணுக்கு ஒரு ஜொரம் வந்தா ஊரு இன்னா சொல்லும்? நான்தான் இன்னா நெனப்பேன்?”

இதற்கு எம்.எஸ்.டபிள்யூ.வில் பதில் இல்லை. இளவரசன் பேனாவைத் திறந்தான், மூடினான். “நான் கூட்டத்துல வைக்கிறேன்மா” என்றான்.

வைக்கவும் செய்தான். இரண்டு நாள் கழித்து நான்கு பங்குதாரர்களும் கூடினார்கள். காப்பீடு கிடைக்குமா என்று அறக்கட்டளை கேட்டது. நோய், விபத்து, பாம்புக்கடி இவற்றுக்கு உண்டு, தெய்வத்துக்கு இல்லை என்று தெரிந்தது. கல்லூரிப் பேராசிரியர் ஒரு புதிய கோணத்தை முன்வைத்தார். சமூகத்தில் அதிகச் செல்வாக்குள்ள அமைப்பைத் திட்டத்தில் சேர்க்காமல் விட்டதுதான் குறை, ஆகவே மாரியம்மனை ஐந்தாவது பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸில் சின்னம் எந்த வரிசையில் வரும் என்று குழாய்க் கம்பெனிக்காரர் கேட்டார். உள்ளூர் நம்பிக்கைகளை மதித்தபடியே முன்னேறுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, போண்டா சாப்பிட்டுக் கலைந்தார்கள். தலைவர் பொன்னுரங்கத்துக்கு அன்று கடையில் கம்பி லோடு இறங்கியது. அவர் வரவில்லை. தண்ணீர் ஊற்றியதால் என்ன நடந்தது என்று அதுவரைக்கும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

*

கூட்டம் கலைந்த செய்தியை இளவரசன் போனில் சொன்னான். கடைசியில், “வேற வழி தெரியலம்மா. மன்னிச்சுக்கங்க” என்றான். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கூட்டமைப்பில் ஒருவர் பயனாளியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னது அதுதான் முதல் தடவை.

சாலம்மாள் மறுபடியும் பஸ் ஏறினாள். இம்முறை நேராகத் தலைவர் வீட்டுக்கே போனாள். மாடி வீடு. வாசலில் பந்தக்காலுக்குக் குழி அளந்துகொண்டிருந்தார்கள். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். பொன்னுரங்கம் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஆண்டாள் கதவைத் திறந்தாள். மணலூர்பேட்டையில் பிறந்தவள். பெண்ணையாற்றங்கரைக் கரும்பும் நெல்லும் தின்று வளர்ந்த உடம்பு.

“யாரும்மா? இன்னா வேணும்?”

“ஐயாவப் பாக்கணும்ங்கம்மா. ஈச்சனோடையிலேந்து வர்றேன். கெடா விசயமா.”

“ஓ, நீதான் அந்த ஃபோட்டோவுல கவுறு புடிச்சிக்கினு நிக்கறவளா? உள்ள வா. மோரு குடிக்கிறியா?”

கூடத்தில் அந்தப் புகைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சாலம்மாள் மோர் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். சூளையைச் சொன்னாள். பெண்ணின் பத்தாவதைச் சொன்னாள். மேஸ்திரி மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் பேசியதையும் சொன்னாள். ஆண்டாள் பாதியில் குறுக்கிட்டாள்.

“இரு, இரு. இவரு ஊத்துன தண்ணிக்கா ஒதறிச்சி?”

“ஆமாங்கம்மா.”

“முழுசா?”

“கொம்புலேந்து வாலு வரைக்கும். ரெண்டு வாட்டி.”

ஆண்டாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து போய்ப் புகைப்படத்தின் முன்னால் நின்றாள். வெள்ளைச் சட்டையில் அவள் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் வேப்பிலைச் சொம்பு. பின்னால் கோயில்.

“இத்தினி நாளா இந்த ஹால்ல ஒக்காந்து டிவி பாத்துக்கினு இருக்கன். கண்ணுல படலியே. ஏம்மா, தண்ணி ஊத்துனது யாரு?”

“ஐயாதான்.”

“அப்ப நேந்துக்கினது யாரு?”

சாலம்மாள் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். சொல்லத் தைரியம் இல்லை.

“கெடா உன்னுது. நேர்த்தி எங்களுது,” என்றாள் ஆண்டாள். “அடுத்தவ வூட்டு ஆட்டப் புடிச்சி ஆத்தாளுக்கு வுட்டுட்டு வந்துருக்காரு மனுசன். வாசல்ல பந்தக்காலு நடப் போறோம். ஊருக்குத்தான் அவரு ஜீவகாருண்யம். எனக்கு மாரியாத்தா. பூசாரி இன்னா சொல்றாரு?”

“மாத்துக் கெடா வுடலாம்னு சொல்றாரும்மா. ஆனா ஊத்துன கைதான் ஊத்தணும். அதுவும் ஒதறணும். ஒதறலன்னா எங்க கெடாதான் வெட்டு.”

“ஒதறும், ஒதறும். நான் எந்தம்பிகிட்ட சொல்லி நல்ல கெடாவா புடிச்சாரச் சொல்றேன். நீ போ. மோர முழுசா குடிச்சிட்டுப் போ.”

அன்று மாலை கடையிலிருந்து திரும்பிய பொன்னுரங்கம், உயிர்க்கொலை தனக்குக் கொள்கையளவில் உடன்பாடில்லை என்றார். ஆண்டாள் கொள்கையைக் கேட்டுக்கொண்டாள். ராத்திரிக்கு அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் காலை காபியும் இல்லை. பத்து மணிக்குக் கொள்கை தளர்ந்தது. ஃப்ளெக்ஸ் கூடாது, புகைப்படம் கூடாது, மன்றத்தில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்ற மூன்று நிபந்தனைகளோடு அவர் ஒத்துக்கொண்டார்.

*

ஆடிக் கடைசி வெள்ளி. காலையிலிருந்தே காற்று. மலையின் பாதி மேகத்துக்குள் இருந்தது. கோயில் வாசலில் பெரிய பெரிய அண்டாக்களில் கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தயாராக இருந்தன. கிடா விஷயம் முடியாமல் கூழ் ஊற்றக்கூடாது. ஜனங்கள் சொம்பும் தூக்குவாளியுமாக வந்து நின்றார்கள்.

சாலம்மாள் வீட்டுக் கிடாவைப் பந்தல் காலில் கட்டியிருந்தார்கள். புது மாலை, நெற்றியில் குங்குமம். சாலம்மாளின் கையில் மாற்றுக் கிடாவின் கயிறு. ஆண்டாளின் தம்பி மணலூர்பேட்டையிலிருந்து மினி வேனில் கொண்டுவந்த கருங்கிடா. கொழுத்தது, சாதுவானது. உலகத்தில் எதுவும் தன்னை அவசரப்படுத்த முடியாது என்ற முகம்.

பொன்னுரங்கம் காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டியோடு வரப்பில் நடந்து வந்தார். மேஸ்திரி சொன்னபடி வந்திருந்தார். முனியன் பக்கத்தில் நின்றுகொண்டார். இளவரசன் ஓரமாக நின்றான். இலக்கியா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. சீருடையோடு வந்து நின்றாள்.

மாயவன் சொம்பை எடுத்துக் கொடுத்தார். “ஊத்துங்கையா. முதுவுல மட்டும். காதுல வுட்டுடாதீங்கோ. அது ஏமாத்து.”

பொன்னுரங்கம் ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் கருங்கிடாவின் முதுகில் வழிந்து இரண்டு பக்கமும் இறங்கியது. கிடா அசைபோட்டது.

“இன்னொரு சொம்பு,” என்றார் மாயவன்.

ஊற்றினார். அசைபோடுவது நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். கிடா பக்கவாட்டில் திரும்பி, கொஞ்சம் புழுக்கை போட்டுவிட்டு மறுபடியும் அசைபோட்டது.

“மணலூர்பேட்ட கெடாப்பா. ஆத்துத் தண்ணில ஊறுனது. சொம்புத் தண்ணிக்கி மசியுமா?” என்றது ஒரு குரல்.

“மெத்துன்னு ஊத்துறாரு. நல்லா வீசி ஊத்தச் சொல்லு.”

வீசி ஊற்றினார். காற்று எதிரில் இருந்ததால் பாதித் தண்ணீர் அவர் மேலேயே திரும்பியது. வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது. சொம்பு தீரத் தீர இலக்கியா குடத்திலிருந்து நிரப்பிக் கொடுத்தாள். அண்டாவில் கூழ் ஆடை கட்டியது. தூக்குவாளிகள் சத்தம் போட ஆரம்பித்தன. சின்னப் பிள்ளைகள் அழுதார்கள்.

“போதும் பூசாரி,” என்றார் மேஸ்திரி. “ஆத்தாளுக்கு வெள்ளக் கெடாதான் புடிச்சிருக்குது. வுடுங்க. முனியா, நாம பேசலாம் வா.”

முனியன் நகரவில்லை. சாலம்மாளைப் பார்த்தான். பிறகு அவன் பேசினான்.

“இன்னொரு வாட்டி ஊத்தச் சொல்லு பூசாரி” என்றான்.

பொன்னுரங்கம் சொம்பை வாங்கிக்கொண்டார். தலை, மீசை, சட்டை, எல்லாம் மஞ்சள். வரும்போது மேடைக்கென்று வைத்திருந்த முகம் எங்கேயோ போயிருந்தது. பந்தல் காலில் கட்டியிருந்த வெள்ளைக் கிடாவைப் பார்த்தார். சீருடையில் நின்ற பெண்ணைப் பார்த்தார். கோயிலைப் பார்த்து, மைக்கில் பேசிப் பழகாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

“தாயே, ஃபோட்டோவுக்குத்தான் ஊத்துனேன். வேற ஒன்னும் தெரியாது. இவங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டேன். ஏத்துக்க.”

ஊற்றினார். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. பந்தல் கீற்று படபடத்தது. ஈரக்காற்று, எலும்பு வரைக்கும் குத்துகிற காற்று.

உதறல் வந்தது. தலையிலிருந்து கால் வரைக்கும், பல் கிட்டிக்கொள்கிற அளவுக்கு, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற உதறல். பறை முழங்கிவிட்டது. தைலம்மாள் முதல் குலவை போட்டாள். மாயவன் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

“உத்தரவு ஆயிடுச்சி” என்றார்.

சாலம்மாளின் கையிலிருந்த கயிறு அசையவே இல்லை. அவள் மாயவனைப் பார்த்தாள். மாயவன் கூழ் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கருங்கிடாவின் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, பந்தல் காலிலிருந்து தன் கிடாவை அவிழ்த்துக்கொண்டு, மாலையைக் கழற்றிக் கோயில் படியில் வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள். இலக்கியா பின்னாலேயே ஓடினாள்.

மேஸ்திரி கூழ் குடித்துவிட்டுப் போனார். வேறு ஊரில் ஆள் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் தைலம்மாள் அக்கா வீட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து, முணுமுணுத்துக்கொண்டே கூலி கொடுத்தாள். கிடா கொடுத்த வரும்படி குடும்பத்துக்கு முழுசாகப் போதவில்லை. முனியன் கரும்பு வெட்டப் போனான். சாலம்மாள் கிடாவை ஓட்டிக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நடந்தாள். ஆனால் பொழுது சாய்ந்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் களி தின்றார்கள். தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனியில் இலக்கியா சங்கராபுரத்துக்குப் போய்ப் பத்தாவது தேர்வு எழுதிவிட்டு வந்தாள். கணக்குத்தான் கொஞ்சம் கஷ்டம் என்றாள்.

கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேராசிரியர் ஈச்சனோடையைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். நவீனத் திட்டமிடலும் தொன்மையான நம்பிக்கையும் கை கோத்த இடம் அது என்றார். கால்நடைகூட மக்களின் குரலுக்குச் செவிசாய்த்த அந்தக் கணம் ஆய்வுக்குரியது என்றார். முன்வரிசையில் பொன்னுரங்கம் தலை குனிந்து சால்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கருங்கிடா கடைசி வரைக்கும் உதறவில்லை. உதறியது பொன்னுரங்கம்.